வம்சாவளிப் பக்கத்தில் ஒரு கோடு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எழுதுகிறவர்களின் வரிசையில் வந்து நிற்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேச்சு என் பக்கம் திரும்பினால், தண்ணீர் குடிக்க எழுந்து போகிற ஆள். மற்றவர்கள் எழுதிக் கொண்டுவருவதை ஒழுங்குபண்ணி அச்சுக்கு அனுப்புவதுதான் என் பிழைப்பு. சொந்தமாக எழுத உட்கார்ந்தால், என்ன சொல்வது என்பதை விட்டுவிட்டு, ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது என்றுதான் புத்தி போகிறது. இருந்தாலும் ஒரு சின்ன விஷயம் மனதில் கிடந்து நச்சரிக்கிறது. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஈப்போவுக்குப் பக்கத்தில், குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலையைப் பார்த்த மாதிரி இருக்கும் கடை வரிசையில் ஒரு நகல் கடை. அங்கேதான் வேலை. நகல் எடுப்பது, அட்டை போடுவது, கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூடத்துப் பயிற்சித்தாள் எல்லாம் செய்வோம். முதலாளி சீனர். தவுக்கே என்று கூப்பிடுவோம். முன்பக்கம் மெஷின்களை அவர் பார்த்துக்கொள்வார். பின்பக்கம் கம்ப்யூட்டர் மேசை என்னுடையது. தமிழ் வேலை என்று யாராவது வந்தால், தவுக்கே தலையைத் தூக்காமலே கட்டைவிரலைப் பின்பக்கம் காட்டுவார். அந்த விரல் காட்டும் இடத்தில் நான் இருப்பேன்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பொத்தான். எழுத்து அடிக்கிற புரோகிராமில் மேலே ஒரு மூலையில் இருக்கும். ஆங்கில 'பி' எழுத்தை இடவலமாகத் திருப்பி, இரண்டு கால் வைத்த மாதிரி ஒரு படம். அதை அழுத்தினால் காகிதத்தில் தெரியாததெல்லாம் திரையில் தெரிய ஆரம்பிக்கும். ஸ்பேஸ் தட்டிய இடத்தில் ஒரு புள்ளி. டேப் தட்டிய இடத்தில் ஓர் அம்பு. எண்டர் தட்டிய இடத்தில் அதே இரண்டு கால் எழுத்து. அச்சில் அழகாக, சுத்தமாகத் தெரிகிற பக்கம், அந்தப் பொத்தானை அழுத்தியதும் எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிடும். தலைப்பை நடுவில் நிறுத்த ஒரு சொடுக்குப் போதும். ஆனால் நிறையப் பேர் ஸ்பேஸைத் தட்டித் தட்டித் தள்ளிக்கொண்டே போய் நடுவில் நிறுத்துவார்கள். அடுத்த பக்கத்துக்குப் போக எண்டரைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இன்னார் பொறுமைசாலி, இன்னார் அவசரக்காரர் என்று முகம் பார்க்காமலே சொல்லிவிடலாம் போலிருக்கும். முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற எனக்கு இது வசதி.

அந்த அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தார். அறுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். சாம்பல் நிறத்தில் பஞ்சாபி உடை, ஒரு கையில் கார் சாவி, இன்னொரு கையில் போன். தவுக்கேயின் கட்டைவிரல் காட்டிய வழியில் நேராக என்னிடம் வந்து நின்றார்.

"தமிழ் வேலை செய்யிறது நீங்களோ தம்பி?"

தலையாட்டினேன்.

"கல்வெட்டு ஒண்டு அடிக்கவேணும்."

எனக்குப் புரியவில்லை. "கல்லுல வெட்டுற வேலை இங்க இல்லக்கா. கோப்பெங் போற ரோட்டுல ஒரு கடை இருக்கு, சமாதிக்கல்லு எல்லாம் அங்க செய்வாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கல்லில இல்லை லா தம்பி! புத்தகம். சின்னப் புத்தகம்."

யாழ்ப்பாணத்துப் பேச்சு, கடைசியில் நம்ம ஊர் 'லா'. அப்படிப் பேசுகிறவர்களை ஈப்போ அரசாங்க ஆபீஸ்களில் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்து விளக்கினார். அவர்கள் ஆட்களில் ஒருவர் இறந்துபோனால், முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்கு ஒரு புத்தகம் கொடுப்பார்களாம். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, சாமிப் பாட்டுகள், கடைசிப் பக்கத்தில் வம்சாவளி. காகிதத்தில் அடித்தாலும் அதற்குப் பெயர் கல்வெட்டுத்தான். நம்மில் பதினாறாம் நாள் கருமாதி, சாப்பாடு, அவ்வளவுதான். இறந்தவருக்குப் புத்தகம் போடுவது எனக்குப் புதிது. உடனே எனக்கு ஆசை வந்துவிட்டது, எப்படி இருக்கும் என்று பார்க்க.

"யாருக்குக்கா?"

"அம்மாவுக்கு." அவராகவே மேலும் சொன்னார். "வளர்த்த அம்மா. மறைக்க ஒண்டும் இல்லை, எல்லாருக்கும் தெரியும். வளர்த்த அப்பா கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரஸ்ஸரா, ஊசி மருந்து குடுக்கிற ஆளா இருந்தவர். நான் அங்கதான் பிறந்தனான். பெத்தவ அங்கேயே கண்ணை மூடிட்டா. பெத்த அப்பனும் ஒரு நாள் வேலைக்குப் போறன் எண்டு போனவர், வரேல்ல. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிட்டா."

மளிகைக் கடைக்குப் போய்வந்த கதை மாதிரிச் சொன்னார். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது. என் அப்பாவும் அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் பால் வெட்டியவர்தான். அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள். சமையல், ஐயர், மண்டபம் எல்லாம் கோலாலம்பூரில் இருக்கும் அண்ணனின் பொறுப்பு. புத்தகம் மட்டும் இவர் பொறுப்பு. அப்பா இறந்தபோது போட்ட புத்தகத்தைப் போலவே இருக்கவேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அதன் மூலக் கோப்பு எந்தக் கம்ப்யூட்டரோடு போனதோ தெரியவில்லை. கடைசியில் ஒரு சொந்தக்காரரின் மின்னஞ்சலில் பி.டி.எஃப் மட்டும் அகப்பட்டதாம். அதை ஏதோ ஓர் இலவச இணையத்தளத்தில் கொடுத்து மறுபடி வேர்ட் கோப்பாக மாற்றி வைத்திருந்தார். வாழ்க்கைக் குறிப்பை அம்மாவுக்கு ஏற்றபடி எழுதிவிட்டார். பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்துவிட்டார். ஆனால் பக்கங்கள் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை.

"ஒரு எழுத்தைத் தொட்டா முழுப் பக்கமும் ஓடுது தம்பி. நான் அழாத குறை."

"எல்லாருக்கும் அப்படித்தான்க்கா ஓடும்."

"எங்கட ஆட்களைத் தெரியாது உங்களுக்கு. சாப்பிட இருக்க முதல் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவினம். ஆரின்ர பேர் எங்க நிக்குது எண்டு விரல் வச்சுப் பாப்பினம். அம்மா இல்லாத வீடு இது. இனி நான் அங்க ஆர் எண்டு அந்தப் பக்கத்தைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவினம். அதில மட்டும் பிழை வரக்கூடாது."

வியாழக்கிழமை மாதிரிப் பிரதி பார்க்க வரச் சொன்னேன். பழைய புத்தகம் இருந்தால் கொண்டுவரச் சொன்னேன். அது அம்மாவின் சாமி அறையில் இருக்கிறது, வரும்போது எடுத்து வருகிறேன் என்றார். அவர் போன பிறகுதான் பெயர் கேட்காதது நினைவுக்கு வந்தது. கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. தவுக்கே ரசீதில் 'காக்கா, புக்கு' என்று எழுதிவைத்தார். அவருக்கு வயதில் மூத்த பெண்கள் எல்லோரும் மலாயில் காக்காதான்.

புதன்கிழமை காலை கோப்பைத் திறந்து அந்தப் பொத்தானை அழுத்தினேன். இவ்வளவு குப்பையை நான் வெகு நாளாகப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் எண்டர். ஒரு வாக்கியம் மூன்று பத்தியாக நின்றது. பழைய பக்க எண்கள் சாமிப் பாட்டுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருந்தன. தலைப்புகள் தனித்தனிப் பெட்டிகளுக்குள் மிதந்தன. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று பக்கத்தை விட்டு நகர்ந்தது. சில எழுத்துகளின் கொம்பு ஓர் இடத்திலும் எழுத்து ஓர் இடத்திலும் நின்றன. பக்கத்தைச் சுற்றிப் போட்டிருந்த பூ வேலைப்பாட்டு ஓரம் துண்டு துண்டாகச் சிதறி, தனித்தனிப் படமாகக் கிடந்தது. மழை விட்ட பிறகு வாசலில் கிடக்கும் சருகு மாதிரி.

இப்படி மாறி வருகிற கோப்பைச் சுத்தம் பண்ண எனக்கு ஒரு வழி உண்டு. இரண்டு எண்டர் சேர்ந்து வருகிற இடத்தில் உண்மையான பத்தி முடிகிறது. அங்கே முதலில் யாரும் பயன்படுத்தாத ஒரு குறியை வைப்பேன். பிறகு தனியாக நிற்கிற எண்டர்களையெல்லாம் ஒரே தடவையில் ஸ்பேஸாக மாற்றுவேன். கடைசியில் அந்தக் குறியை எண்டராக்கினால் பத்திகள் பழையபடி வந்துவிடும். வாழ்க்கைக் குறிப்புக்கு இது அருமையாக வேலை செய்தது. அந்த ஜோரில் சாமிப் பாட்டுக்கும் செய்துவிட்டேன். நாலு நாலு வரியாக நின்ற பாட்டெல்லாம் செய்தித்தாள் மாதிரி ஒரே ஓட்டமாக ஓடியது. சாமியிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, செய்ததைத் திரும்ப எடுத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். இவ்வளவு குப்பைக்கு அடியில், முதலில் இதை அடித்தவரின் கை இன்னும் தெரிந்தது. ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பின்னும் இரண்டு ஸ்பேஸ். ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை. இது டைப்ரைட்டரில் பழகிய கை. அந்தக் காலத்து டைப்பிங் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். தலைப்புகளை ஸ்பேஸ் தட்டித்தான் நடுவில் நிறுத்தியிருந்தார். ஆனால் எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு. பாட்டுகளில் இரண்டாவது வரியும் நாலாவது வரியும் எப்போதும் ஒரே தூரம் உள்ளே தள்ளி நின்றன. யாராக இருக்கும்? எந்தக் கடையில் இருந்தார்? ஆணா பெண்ணா? என்னைப் போல் பின்பக்கத்து மேசையில் இருந்தவரா? வேலையைவிட இந்த யோசனைதான் அதிகம் ஓடியது. தவுக்கே எட்டிப் பார்த்து, "சுடா சியாப்?" என்று கேட்டார். முடிந்ததா என்று. இல்லை என்று கைகாட்டினேன்.

மத்தியானத்துக்கு மேல் வம்சாவளிப் பக்கத்துக்கு வந்தேன். மேலே தாத்தா பாட்டி பெட்டிகள், அவற்றுக்குக் கீழே அப்பா அம்மா, அதற்கும் கீழே பிள்ளைகள் மூன்று பேர், அவர்களுக்குக் கீழே பேரப்பிள்ளைகள். எல்லாம் கோடு போட்டு இணைத்திருந்தது. இந்தப் பக்கத்தைச் சுற்றியும் பூ ஓரம் சிதறிக் கிடந்தது. பக்கத்துக்கு நடுவிலும் கறுப்பாகச் சின்னச் சின்னத் துண்டுகள், அரிசி உடைந்த மாதிரி. ஒவ்வொன்றும் தனிப் படம். மற்றப் பக்கங்களில் செய்த மாதிரியே எல்லாத் துண்டுகளையும் வளைத்துப் பிடித்து அழித்தேன். பக்கம் பளிச்சென்று ஆனது. அழித்த பிறகு பார்த்தால், மூன்று பிள்ளைகளில் கடைசிப் பெட்டி மட்டும் தனியே நின்றது. மேலே எதோடும் ஒட்டவில்லை. மாற்றும்போது கோடு விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். அப்பா அம்மாவிடமிருந்து ஒரு கோட்டை இழுத்து, மற்ற இரண்டு கோடுகளின் தடிப்பும் நிறமும் கொடுத்து, அந்தப் பெட்டியின் தலையில் கொண்டுபோய் முட்டவைத்தேன். எல்லாம் சரியாக உட்கார்ந்தது. சேமித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

வியாழக்கிழமை அக்கா வந்தபோது மாதிரிப் பிரதி மேசையில் தயாராக இருந்தது. அவர் கைப்பையிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அட்டை மஞ்சளாகி, மூலையில் குங்குமம் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பக்கமாக இரண்டையும் சேர்த்துத் திருப்பினார். "வடிவா இருக்கு. பாட்டெல்லாம் ஒழுங்கா நிக்குது" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கடைசிப் பக்கம் வந்ததும் அவர் விரல் மேலிருந்து கீழே இறங்கி வந்தது, அவர் சொன்ன ஆட்களைப் போலவே. கடைசிப் பெட்டிக்கு மேலே நின்றது. நின்றது நின்றபடி இருந்தது.

"இந்தக் கோடு ஆர் போட்டது?"

பழைய புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். அதில் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் கோடு நேராக இல்லை. விட்டு விட்டு, சின்னச் சின்னத் துண்டாக இறங்கி வந்தது. நான் அரிசிக் குருணை என்று கூட்டித் தள்ளியது அதைத்தான்.

"மன்னிச்சுக்கங்கக்கா. கோப்பு மாறும்போது இது தனித்தனியா உடைஞ்சு வந்திருக்கு. நான் குப்பைன்னு நெனச்சு அழிச்சிட்டேன். அப்புறம் கோடு இல்லாம நிக்குதேன்னு நானா ஒண்ணு போட்டேன். இப்பவே மாத்திடறேன், ஒரு நிமிசம்."

சுட்டியைப் பிடித்தேன். அவர் என் கையை நிறுத்துவது போல மேசையில் தட்டினார்.

"பொறுங்கோ தம்பி. பொறுங்கோ."

அது அவருடைய பெட்டி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தார், வளர்த்த அம்மா என்று. பெயர் கேட்டிருந்தால் புதன்கிழமையே தெரிந்திருக்கும்.

"இதை அடிச்சவங்க அப்படிப் போட்டுட்டாங்களாக்கா?" என்று கேட்டேன். என்னை அறியாமல் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. "யாரு அக்கா அடிச்சது? டைப்ரைட்டர் பழகினவங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எப்படித் தெரியும்?"

"முற்றுப்புள்ளிக்கு அப்புறம் ரெண்டு ஸ்பேஸ் இருக்கு. எல்லா இடத்திலயும்."

"அடக் கடவுளே." சிரித்தார். "நான்தான் தம்பி. ஆபீஸில கெராணி வேலை. டைப்பிங் பழகினது ஈப்போவில, ஒரு கிழவி கையில அடிமட்டத்தோட நிப்பா. ரெண்டு ஸ்பேஸ் விடாட்டி விரலில விழும்."

பிறகு சிரிப்பு நின்றது. புத்தகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தக் கோடும் நான்தான் போட்டனான். ஒருத்தரும் போடச் சொல்லேல்ல. அண்ணாவுக்கு நேர்க்கோடு போட்டன். அக்காவுக்குப் போட்டன். என்ர பெட்டிக்கு வரேக்க கை நிண்டுட்டுது. கோட்டில எத்தனையோ வகை இருந்தது கம்ப்யூட்டரில. ஆராவது கேக்க முதல் நானே ஒதுங்கி நிக்கலாம் எண்டு அதை எடுத்துப் போட்டன். அடிச்சு வந்த பிறகு அம்மாட்டக் குடுத்தன். கடைசிப் பக்கத்தைக் கன நேரம் பாத்தவ. ஒண்டும் சொல்லேல்ல. மூடிச் சாமி அறையில வச்சிட்டா. அண்டைக்குச் சொல்லாதது பிறகும் சொல்லேல்ல. அவ மனதில என்ன இருந்தது எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல."

தண்ணீர் குடிக்க எழுந்து போகிற நேரம் அது. ஆனால் போகவில்லை. எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அவர் போனை எடுத்துப் புதுப் பக்கத்தைப் படம் பிடித்தார். "அண்ணா பாக்கட்டும். அவர் வேண்டாம் எண்டால் பழையபடி போடுங்கோ. அவர் சொல்லுறதுதான்" என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார். அனுப்பிவிட்டுக் கார் சாவியை மேசையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். முன்னால் நகல் மெஷின் தட்தட்டென்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு போன் அடித்தது. அவர் அவசரத்தில் எதையோ அழுத்த, அண்ணனின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"என்ன பிள்ளை, பாத்தனான். வடிவா வந்திருக்கு. ஒண்டே ஒண்டு. என்ர பெரியவன்ர பேருக்குப் பின்னால பட்டம் இல்லை."

"பட்டமோ?"

"ஓம். அவன் படிச்சு முடிச்சிட்டானெல்லோ. ஆட்கள் பாத்தா என்ன நினைப்பினம், பாஸ் பண்ணேல்ல எண்டு நினைப்பினம்."

"போடுவம் அண்ணா. கோட்டைப் பாத்தனீங்களோ?"

"என்ன கோடு?"

"என்ர பெட்டிக்கு மேல போற கோடு."

"இருக்குத்தானே. ஏன், வேற எங்கேயும் போகுதோ?"

"இந்த முறை நேரா இருக்கு."

"முந்தி என்ன, ரவுண்டாபவுட் சுத்திக்கொண்டே போனது?"

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். "முந்தி விட்டு விட்டு இருந்தது, அண்ணா. அப்பாட புத்தகத்தில."

"ஓ, அதுவோ! அது மை போதாமல் வந்தது."

"ஆர் சொன்னது?"

"அம்மாதான். அண்டைக்கு மாமி ஒராள் விரலை வச்சுக்கொண்டு கேட்டவ, ஏன் இவளுக்கு மட்டும் இப்படி எண்டு. அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பாக்கோணும் நீ. கடைக்காரன் மை இல்லாத மெஷினில அடிச்சுத் தந்திட்டான், அதுதான் கோடு அறுந்து போச்சு, வேறென்ன எண்டு சொன்னா. பிறகு வந்த எல்லாரிட்டயும் அதையேதான் சொன்னா. ஆரும் கேக்காட்டியும் சொன்னா. இனி அந்தக் கடைப் பக்கம் போகாதேங்கோ எண்டு எனக்கும் சொன்னவ. நீ அப்ப அடுப்படியில நிண்டிருப்பாய். ஏன் பிள்ளை, மை இல்லையோ காரணம்?"

அக்கா போனைப் பார்த்தார். பிறகு பழைய புத்தகத்தைப் பார்த்தார். அந்தக் கோட்டின் துண்டுகள் ஒவ்வொன்றும் நல்ல கறுப்பாக, ஒரே நீளமாக, ஒரே இடைவெளியில் நின்றன. மை குறைந்த மெஷின் அப்படி அடிக்காது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"ஓம் அண்ணா" என்றார். "மை போதேல்லப் போல."

"அதைத்தான் சொல்லுறன். இந்தக் கடையில மை இருக்குதோ எண்டு கேட்டியோ?"

"கேக்கிறன், அண்ணா."

"பட்டத்தை மறக்காதே. பி.எஸ்ஸி. எண்டு போடு, அடைப்புக்குறிக்குள்ள ஹானர்ஸ் எண்டும் போடு."

போன் நின்றது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். முன்னாலிருந்து தவுக்கே மெஷினை நிறுத்திவிட்டு வந்து, "அப்பா பாசால்?" என்றார். என்ன விஷயம் என்று. அழுகிற வாடிக்கையாளர் கடைக்கு நல்லதில்லை என்று அவருக்கு ஓர் எண்ணம். கடையில் மை போதுமா என்று அக்காவின் அண்ணன் கேட்கிறார் என்று மலாயில் சொன்னேன்.

"திந்தா?" தவுக்கேக்கு முகம் சிவந்துவிட்டது. "சுக்கூப் லா! பாஞாக்!" போதும், நிறைய இருக்கிறது என்று சொன்னதோடு நிற்கவில்லை. அலமாரியைத் திறந்து, உறை பிரிக்காத மைப் பெட்டிகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் முன்னால் மேசையில் வைத்தார். கண்ணில் நீரோடு அக்கா சிரித்த சிரிப்பைப் பார்த்து அவர் இன்னும் குழம்பிப்போனார்.

"பாகூஸ், தவுக்கே, பாகூஸ்", நல்லது நல்லது என்று அக்கா அந்தப் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கோடு அப்படியே இருக்கட்டும் தம்பி. அதைத் தொடவேண்டாம். பட்டத்தை மட்டும் போடுங்கோ."

பட்டத்தைப் போட்டேன். பெட்டி சின்னதாக இருந்ததால் 'ஹானர்ஸ்' கீழே மடிந்து விழுந்தது. பெட்டியை இழுத்துப் பெரிதாக்கினேன். பக்கத்திலிருந்த பேரப்பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். அக்கா நாற்காலியை இன்னும் கிட்டப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பொத்தானை அழுத்திக் காட்டினேன். புள்ளிகளும் அம்புகளும் வந்ததும், "ஐயோ, இவ்வளவும் உள்ளுக்கு இருந்ததோ?" என்றார். தன்னுடைய இரட்டை ஸ்பேஸ்களைத் தேடி விரல் வைத்துப் பார்த்தார். புது வாழ்க்கைக் குறிப்பிலும் அப்படியேதான் இருந்தன. ஒன்றாகக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அந்தக் கிழவி எழும்பி வந்துவிடுவா என்றார்.

அப்போது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. என் அப்பாவும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர் என்று சொன்னேன். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப உங்கட அப்பாவுக்கும் என்ர அப்பா ஊசி போட்டிருப்பார்" என்றார். போட்டிருக்கலாம். அப்பா ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பின்வாசல் வழியாக ஓடுகிறவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதையும் சொன்னேன். ஒரு வாடிக்கையாளரிடம் நான் அவ்வளவு பேசியதைத் தவுக்கே முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தார்.

அவர் போன பிறகும் நான் அந்தப் பக்கத்தை மூடவில்லை. அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. படத்தில் பார்த்ததுதான், அட்டையில் வைக்கும்போது வெளிச்சம் கூட்டிக் கொடுத்தேன். வளர்த்த மகள்தான் அந்தக் கோட்டைப் போட்டாள் என்று அவருக்குத் தெரியும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் கடைக்காரன் மேல் பழியைப் போட்டார். ஏன் மகளிடம் மட்டும் சொல்லவில்லை? கோபமா? அவள் வெட்கப்படுவாள் என்றா? அல்லது சொல்லவேண்டிய விஷயமே இல்லை, மை போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாரா? பொத்தானை அழுத்திப் பார்த்தேன். கோட்டுக்குப் புள்ளியும் இல்லை, அம்பும் இல்லை. எழுத்துக்குத்தான் அதெல்லாம். கோடு எப்போது பார்த்தாலும் வெறும் கோடுதான்.

அந்தப் பழி விழுந்த கடைக்காரரைப் பற்றியும் நினைத்தேன். அவர் ஒரு தவறும் செய்யவில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடி அச்சடித்துக் கொடுத்தார். நானோ, கொடுத்ததைக் கெடுத்துத்தான் நல்ல பெயர் வாங்கினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மழை. காலையில் அச்சடித்து மடித்துத் தைத்தோம். மத்தியானம் அக்கா வந்து புத்தகங்களை இரண்டு பெட்டியில் வாங்கிக்கொண்டு போனார். பிறகு சிம்பாங் பூலாயிலிருந்து ஒருவர் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார்.